ஆனேக்கல் ரோடும் ஆனேக்கலும்: தேடுபொறிக் காலத்தில் சிறுகடையின் பெயர்

ஓசூரைக் கடந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் தொடர்வண்டி அடுத்துக் காணும் நிலையங்களுள் ஒன்று ‘ஆனேக்கல் ரோடு’. அங்கே இறங்குபவர் ஆனேக்கலில் இறங்கியவர் ஆகார். ஊர் தள்ளி இருக்கிறது. கொடைக்கானல் ரோட்டில் இறங்கி மலையைத் தேடியவர்களுக்கு இந்தப் பெயர் மரபு புதிதன்று. பாதை தொடாத ஊரின் பெயரோடு ‘ரோடு’ என்ற சொல்லை ஒட்டிவிட்டால் பயணச்சீட்டு வாங்குபவர் தமக்கு வேண்டிய நிலையத்தைக் கண்டுகொள்வார் என்பது இருப்புப்பாதை நிர்வாகத்தின் கணக்கு. தேடுவோர் எந்தச் சொல்லைக் கொண்டு தேடுவாரோ அந்தச் சொல்லைப் பலகையில் எழுதிவைக்கும் இந்த உத்தியை இன்றைக்குத் ‘தேடுபொறி உகப்பாக்கம்’ என்ற பெயரில் ஆலோசகர்கள் சிறுவணிகர்களுக்குக் கட்டணம் பெற்றுக்கொண்டு சொல்லித்தருகிறார்கள்.

ஆனேக்கல் வட்டத்துக் கடைகளின் பெயர்ப் பலகைகளில் இந்தப் பாடத்தின் பயனைக் காணலாம். அத்திப்பள்ளி, சந்தாபுரா, ஜிகணி, பொம்மசந்திரா ஆகிய ஊர்களின் கடைப் பெயர்களில் முன்பு தெய்வத்தின் பெயரோ குடும்பத்தின் பெயரோ முன் நின்றது. அண்மைக்காலத்தில் திறக்கப்படும் கடைகள் பலவற்றில் ஊரின் பெயரும் தொழிலின் பெயரும் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. பல் மருத்துவமனை, விடுதி, வீட்டுச் சாமான் பெயர்ப்போர், பட்டுச்சேலைக் கடை என எதுவாயினும் முதலில் ஊர், பிறகு தொழில். கைப்பேசியில் தேடுபவர் ‘இன்னார் கடை’ என்று தேடுவதில்லை. இன்ன ஊரில் இன்ன பொருள் என்றே தேடுகிறார். ஆகவே அறிவுரை தவறானதன்று. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. எளிதில் அகப்படும் அத்தகைய பெயர், சட்டத்தின் கண்ணில், அதை வைத்தவருக்கு மட்டும் உரியதாக ஆவது அரிது.

இந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ள, இப்பகுதியில் நற்பெயர் யாரிடம் இருந்தது என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். ஆனேக்கல் வட்டம் நெசவுக்கு அறியப்பட்டது. 1800இல் மைசூர் நாட்டைச் சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கானன், பெங்களூரின் நெசவுக் குழுக்களைத் தனித்தனியே விவரித்து, பட்டு நெய்யும் பட்டேகார், கத்ரி ஆகியோரைக் குறிப்பிடுகிறார். முன்பணம் கொடுத்துத் துணி வாங்கும் வணிகர் முறையையும் பதிவு செய்கிறார். அந்த முறையின் எச்சம் நெடுங்காலம் நிலைத்தது. நெய்தவரின் பெயர் சேலையோடு பயணம் செய்யவில்லை. நெசவாளரைக் குறித்த மதிப்பீடு முதலாளி நெசவாளரிடம் இருந்தது. முதலாளி நெசவாளரைக் குறித்த மதிப்பீடு நகரத்து மொத்த வணிகரிடம் இருந்தது. உடுத்துபவருக்குத் தெரிந்தது விற்ற கடையின் பெயர் மட்டுமே. பொய்ச் சரிகையை நல்ல சரிகை என்று விற்றவரைப் பற்றிய செய்தி தெருவைத் தாண்ட அதிகநேரம் ஆகாது. ஆனால் நல்ல பெயர் தெருவைத் தாண்டுவது அவ்வளவு எளிதாக இல்லை. பழைய முறையைப் பொற்காலமாக எண்ணுவோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

சட்டம் ஊர்ப்பெயருக்குக் காப்பு வழங்கியபோதும் பெரிய பெயர்களே முதலில் பயன்பெற்றன. 1999இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ் மைசூர்ப் பட்டும் காஞ்சிபுரம் பட்டும் தொடக்க ஆண்டுகளிலேயே பதிவு பெற்றன. இவ்விரு பெயர்களுக்கும் நடுவே அமைந்த ஊரில் நெய்யப்படும் சேலை இரண்டில் எந்தப் பெயரையும் சூட்டிக்கொள்ள முடியாது.

இதே வட்டத்துச் சர்ஜாபுராவின் கதை இன்னும் விசித்திரமானது. ஒருகாலத்தில் மெல்லிய மஸ்லின் துணிக்கும் பின்னர்ப் பருத்தித்துணி, கம்பளம், நாடா ஆகியவற்றுக்கும் அறியப்பட்ட ஊர் அது. இன்று பெங்களூரில் ‘சர்ஜாபுரா ரோடு’ என்று சொல்பவர் பெரும்பாலும் பெள்ளந்தூர்ப் பக்கத்து அடுக்குமாடிகளையே மனத்தில் கொள்கிறார். பெயர் சாலைவழியே நகரத்துக்குள் நடந்து போய்விட்டது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்தப் பெயரை இட்டுத் தேடினால் ஊரின் நெசவாளருக்கு முன்னால் வருபவர் வீட்டுமனை விற்பவர்.

தேடுபொறிக்கு முந்தைய தேடல் கருவி தொலைபேசி விவரத் திரட்டு. இந்தியாவில் அதன் வரலாற்றில் ஒரு வழக்கு தனியிடம் பெறுகிறது. டாடா பிரஸ் நிறுவனம் வணிகர்களின் விளம்பரங்களைத் தொழில்வாரியாகத் தொகுத்து மஞ்சள் பக்கங்களாக வெளியிட்டது. தொலைபேசிச் சந்தாதாரர் பட்டியலை வெளியிடும் உரிமை தனக்கே உண்டென்று மகாநகர் டெலிபோன் நிகாம் வழக்குத் தொடுத்தது. 1995 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டாடா பிரஸ் பக்கம் தீர்ப்பளித்தது. வணிக விளம்பரமும் அரசமைப்பின் 19(1)(அ) பிரிவு காக்கும் பேச்சுரிமைக்குள் அடங்கும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். சட்ட மாணவர்கள் இதைப் பேச்சுரிமை வழக்காகவே படிக்கிறார்கள். ஒரு கடையை யார் பட்டியலிடலாம், யாருடைய பட்டியலில் அது இடம்பெறும் என்ற கேள்வியும் அதனுள் இருந்தது. அப்பக்கம் குறைவாகவே பேசப்படுகிறது. மறு ஆண்டில், 1996இல், வி.எஸ்.எஸ். மணி மும்பையில் ஜஸ்ட்டயலைத் தொடங்கினார். தொலைபேசியில் கேட்டால் கடையின் விவரம் சொல்லும் சேவை அது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சுலேகாவும் பிறகு இதே வகைத் தொழிலுக்கு வந்து சேர்ந்தது.

அச்சுத் திரட்டில் வரிசை அகரமுதலாக இருந்தது. ஆங்கில எழுத்து ‘ஏ’யில் தொடங்கும் பெயர் வைத்தவர் முன்னால் வந்தார், அதற்காகவே பெயரின் தலையில் இரண்டு மூன்று ‘ஏ’க்களைச் சூட்டிக்கொண்ட கடைகள் உலகெங்கும் உண்டு. அந்த விதி அற்பமானதுதான். ஆயினும் எல்லோருக்கும் தெரிந்த விதி.

1998இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான செர்கே பிரின், லேரி பேஜ் இருவரும் வெளியிட்ட கட்டுரையோடு அந்நிலை மாறியது. ஒரு பக்கத்தின் மதிப்பை, அதை நோக்கி இணைப்புத் தரும் பிற பக்கங்களின் மதிப்பைக் கொண்டு அளப்பது அவர்களின் முறை. அம்முறையின் மூதாதை யூஜின் கார்ஃபீல்டின் மேற்கோள் அட்டவணை என்பது ஆய்வுலகத்தார் அறிந்ததே. (மேற்கோள்களைத் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் ஆய்விதழ்களும், இணைப்புகளைத் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் இணையதளங்களும் ஒரே நோயின் இரு முகங்கள். பின்னதைத் தண்டிக்கும் விதிகள் முன்னதை விட விரைவில் வந்தன.) விளம்பர வருவாயை நம்பும் தேடுபொறி, தேடுபவரை விட்டு விளம்பரதாரர் பக்கம் சாயும் என்ற ஐயத்தை அதே கட்டுரையின் பின்னிணைப்பு எழுப்பியிருந்தது. கட்டுரையாளர்களின் நிறுவனம் 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் என்னும் விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது.

ஆனேக்கலின் ஒரு சேலைக்கடைக்கு இணைப்புத் தரப்போகும் இணையதளம் எது? எதுவும் இல்லை. இந்த இடைவெளியில்தான் இணைப்பு விற்பவரின் தொழில் பிறந்தது. மாதம் ஒரு தொகைக்கு நூற்றுக்கணக்கான இணைப்புகள் வாங்கித் தருவது பல ஆண்டுகள் வழக்கமான ‘சேவை’யாக இருந்தது. 2012 ஏப்ரலில் கூகுள் ‘பெங்குவின்’ என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து அத்தகைய இணைப்புகளைக் கொண்ட தளங்களைத் தாழ்த்தியது. இணைப்பை விற்றவர் வேறு பெயரில் வேறு சேவை விற்கப் போய்விட முடிந்தது. அறிவுரையைக் கேட்டு வாங்கிய வணிகரின் தளமோ கீழே போனது. எது அறிவுரை, எது குற்றம் என்பதை வரையறுக்கும் விதி ஊருக்கு வெளியே எழுதப்படுகிறது. அது மாறும்போது ஊருக்கு முன்னறிவிப்பு வருவதில்லை.

உள்ளூர்க் கடைகளுக்கு இணைப்பைவிட வரைபடப் பட்டியலே இன்று முதன்மையானது. 2014இல் ‘கூகுள் மை பிசினஸ்’ என்ற பெயரிலும் 2021 முதல் ‘பிசினஸ் புரொஃபைல்’ என்ற பெயரிலும் வழங்கும் அந்தப் பதிவில் வரிசையைத் தீர்மானிப்பவை பொருத்தம், தொலைவு, புகழ் என்னும் மூன்று என்று அந்நிறுவனமே சொல்கிறது. எந்தக் கூறுக்கு எவ்வளவு எடை என்பதை அது சொல்வதில்லை.

இந்த மூன்றில் ‘பொருத்தம்’ என்ற கூறே பெயரோடு நெருங்கிய தொடர்புடையது. ஊரையும் தொழிலையும் இணைத்த பெயருக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்ற வினா இந்தியாவில் விரிவாக ஆராயப்பட்ட இடங்களுள் ஒன்று சென்னை உயர் நீதிமன்றம். வழக்காடியது பெட்டிக்கடை அன்று. பாரத்மேட்ரிமோனியை நடத்திய கான்சிம் இன்ஃபோ நிறுவனம் கூகுள் இந்தியாவின்மீதும் தன் போட்டியாளர்கள்மீதும் 2009இல் வழக்குத் தொடுத்தது. தமிழ்மேட்ரிமோனி, பெங்காலிமேட்ரிமோனி முதலான தன் பதிவுபெற்ற வணிகக் குறிகளைத் தேடுபவருக்கு, அவற்றையே திறவுச்சொல்லாக விலைக்கு வாங்கிய போட்டியாளரின் விளம்பரம் காட்டப்படுகிறது என்பது அதன் முறையீடு. தன் கடை வாசலைக் கேட்டு வருபவரை வழியிலேயே வேறு கடைக்கு அழைத்துப் போகிறார்கள் என்று அதை எளிதாகச் சொல்லலாம்.

2010 செப்டம்பர் 30 அன்று நீதிபதி வெ. இராமசுப்பிரமணியன் அளித்த ஆணை நீளமானது. வணிகக் குறிச் சட்டத்தின் அடிப்படைகளையும் பிற நாட்டுத் தீர்ப்புகளையும் விரிவாக அலசுவது. கேட்கப்பட்ட இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. ஒரு மொழியின் அல்லது சமூகத்தின் பெயரையும் திருமணத்தைக் குறிக்கும் பொதுச்சொல்லையும் சேர்த்து உருவான பெயர் விவரிப்புப் பெயர் என்பதும், அச்சொற்களை ஒருவருக்கே உரிமையாக்கினால் அதே தொழிலில் உள்ள பிறர் தம் தொழிலைச் சொல்லவும் வழியற்றுப் போவர் என்பதும் அம்முடிவின் முக்கியக் காரணங்கள். இதை அநீதி என்று சொல்லிவிட முடியாது. ‘தமிழ்’ என்ற சொல்லை யார் ஒருவருக்கு எழுதிக்கொடுப்பது? அதே சமயம், அந்தப் பொதுச்சொல்லை ஏலத்தில் விட்டு, அதிக விலை கேட்டவரை மேலே நிறுத்தி வருவாய் பெறுபவர் ஒருவர் இருந்தார். சொல் பொதுவாக இருந்தது. அந்தச் சொல்லின் வாசல் பொதுவாக இல்லை.

வழக்காடியவர் வேறு கதவையும் தட்டினார். மேட்ரிமோனி டாட் காம் என்று பெயர் மாறிய அதே நிறுவனமும் கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் தந்த புகார்களின்மீது இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரி 8 அன்று கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆனால் அது தேடல் பக்கத்தில் தன் சொந்தச் சேவைகளுக்குச் சாதகமாக இடம் ஒதுக்கியது முதலியவற்றுக்காக. திறவுச்சொல் விற்பனை குறித்த குற்றச்சாட்டில் ஆணையம் மீறலைக் காணவில்லை. 2023 ஆகஸ்ட் 10 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் இதில் ஒரு படி நகர்ந்தது. அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் என்ற குறி தொடர்பான அவ்வழக்கில், வணிகக் குறியைத் திறவுச்சொல்லாகப் பயன்படுத்துவது சட்டப்படி ‘பயன்பாடு’தான் என்றும், விளம்பரத் திட்டத்தில் கூகுள் வெறும் பார்வையாளர் அன்று என்றும் அது கூறியது, குழப்பம் விளைந்தால் மட்டுமே அது மீறலாகும் என்ற எல்லையையும் வகுத்தது.

இவ்வழக்குகளில் வாதிட்ட இந்திய நிறுவனங்கள் நாடறிந்தவை. ஆண்டுக்கணக்கில் வழக்கறிஞர் கட்டணம் செலுத்தக்கூடியவை. ஆனேக்கலின் பெயரையும் தொழிலின் பெயரையும் சேர்த்துப் பலகை எழுதியவரின் நிலை வேறு. அடுத்த தெருவில் அதே இரு சொற்களை முன்பின்னாக மாற்றி ஒருவர் கடை திறந்தால், கான்சிமுக்குச் சொல்லப்பட்ட காரணம் அவருக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். அவருக்குக் கிடைத்த அறிவுரை, அகப்படுவது எப்படி என்பதைச் சொன்னது. அகப்பட்ட பின் அது யாருடையது என்பதை அறிவுரை தொடவில்லை.

முகவரியும் இதே வகைச் சிக்கல்தான். பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் எல்லாப் பட்டியல்களிலும் எழுத்து மாறாமல் இருக்க வேண்டும் என்பது ஆலோசகர்களின் முதல் பாடம். எல்லையோர வட்டம் ஒன்றில் அது சொல்ல எளிது. ஆனேக்கலின் அஞ்சல் குறியீடு 562106, அத்திப்பள்ளிக்கு 562107, அதே வட்டத்துப் பொம்மசந்திராவுக்கோ நகரத்து வரிசையில் 560099. ஒரே கடை ஓசூர் ரோடு என்றும், சந்தாபுரா என்றும், ஆனேக்கல் தாலுகா என்றும், வெறுமனே பெங்களூர் என்றும் எழுதப்படலாம்; நான்கும் உண்மை. ஊர்ப்பெயரே கன்னடத்தில் ‘ஆனேகல்’, பேச்சில் ‘ஆனேகல்லு’, தமிழர் எழுத்தில் ‘ஆனேக்கல்’, சிலர் வாயில் ‘ஆனைக்கல்’. கன்னடத்தில் அச்சொல் ஆலங்கட்டியையும் குறிக்கும் என்பதால் யானைக்கும் ஊருக்கும் உறவு உண்டா என்பதே ஐயத்துக்குரியது.

பலகையின் மொழி வேறொரு அதிகாரத்தின் கையில் இருக்கிறது. 2024இல் கர்நாடகம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் வணிகப் பெயர்ப் பலகையில் 60 விழுக்காடு கன்னடத்தில் இருக்க வேண்டும் என்கிறது. வரைபடப் பட்டியலில் இடும் பெயர் உண்மையான பலகையில் உள்ள பெயராக இருக்க வேண்டும், கூடுதல் சொற்களைச் செருகக் கூடாது என்பது கூகுளின் விதி. மீறினால் பதிவு முடக்கப்படலாம். வாடிக்கையாளரோ ரோமன் எழுத்தில், தமிழோ தெலுங்கோ உருதோ ஆங்கிலமோ கலந்து தேடுகிறார். மாநிலம், நிறுவனம், வாடிக்கையாளர் என மூவர் கேட்கும் பெயரையும் ஒரே பலகையில் எழுதும் பொறுப்பு கடைக்காரருடையது. செருகக் கூடாது என்ற விதியைக் கடக்க, கடையின் பெயரையே அந்தச் சொற்களால் வைத்துவிடுவது எளிய வழி. ஊரும் தொழிலும் முன்னிற்கும் பலகைகளுக்கு அதுவும் ஒரு காரணம்.

இனி மதிப்புரைகள். பழைய தெருவில் ஒருவரைக் குறைகூறியவர் யார் என்பது தெரியும். அவருக்கும் கடைக்காரருக்கும் பழைய பகை உண்டா, கடன்பாக்கி உண்டா என்பதும் கேட்பவருக்குத் தெரியும். நட்சத்திரத்துக்கு அந்தப் பின்னணி கிடையாது. கடைக்கு வராத ஒருவர் ஒற்றை நட்சத்திரம் இட்டாலும் அது சராசரியில் சேர்ந்துவிடுகிறது. வணிகருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே எது உண்மை என்ற தகராறில் தான் தலையிடுவதில்லை என்பது கூகுளின் நிலைப்பாடு. கொள்கையை மீறிய மதிப்புரையை மட்டுமே அது நீக்கும். 2015 மார்ச்சில் ஷ்ரேயா சிங்கால் வழக்கின் தீர்ப்பு, நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் இடைநிலை நிறுவனம் உள்ளடக்கத்தை நீக்கக் கடமைப்பட்டது என்று வரையறுத்தது. கருத்துரிமைக்கு அது பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆனால் பத்துக்குப் பத்து அறையில் துணி தைப்பவருக்கு, ஒரு பொய்யை நீக்க நீதிமன்ற ஆணை பெறுவது என்பது தையல் இயந்திரத்தின் விலையைத் தாண்டும் செலவு. அந்தச் செலவுக்கும் சும்மா இருப்பதற்கும் இடையிலுள்ள இடத்தில்தான், ‘கெட்ட மதிப்புரையை நீக்கித் தருகிறோம்’, ‘ஐந்து நட்சத்திரம் வாங்கித் தருகிறோம்’ என்பவர்கள் கடை விரிக்கிறார்கள்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் வெளியிட்ட ஐஎஸ் 19000 என்ற தரநிலை, விலைக்கு வாங்கிய மதிப்புரைகளை வெளியிடக் கூடாது என்கிறது; மதிப்புரை எழுதியவர் மெய்யானவர்தானா என்று சரிபார்க்கும் வழிமுறைகளையும் சொல்கிறது. அவ்வகையில் உலகின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்று அது. வெளிவந்தபோது அது விருப்ப அடிப்படையிலானது, கட்டாயம் அன்று. மதிப்புரைகளை வெளியிடும் நிறுவனத்தை நோக்கியே அது பேசுகிறது. மதிப்பிடப்படும் கடைக்காரர் அதைக் காட்டி நேரடியாகக் கேட்கக்கூடியது மிகக் குறைவு.

2017 ஜனவரி 4 அன்று டெல்லியில் சுந்தர் பிச்சை ‘டிஜிட்டல் அன்லாக்டு’ என்ற பயிற்சித் திட்டத்தை இந்தியச் சிறுவணிகர்களுக்காகத் தொடங்கிவைத்தார். கைப்பேசியிலிருந்தே கட்டணமின்றி ஓர் எளிய இணையதளம் அமைத்துக்கொள்ளும் வசதியும் அப்போது அறிவிக்கப்பட்டது. கடையின் பட்டியல் விவரங்களைக் கொண்டு சில நிமிடங்களில் உருவாகும் தளம் அது. சொந்தமாகத் தளம் அமைக்கப் பணமும் ஆளும் இல்லாத கடைகளுக்கு அதுவே முதல் இணைய முகவரி ஆயிற்று. அட்டையில் அச்சிடவும் பலகையின் மூலையில் எழுதவும் ஒரு முகவரி. அந்த முகவரியின் பின்பாதி கூகுளுக்கு உரியது.

2024 மார்ச்சில் அந்த இலவசத் தளங்கள் மூடப்பட்டன. சில வாரங்கள் பழைய முகவரிக்கு வந்தவர்கள் கடையின் வரைபடப் பதிவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்த ஏற்பாடு ஜூன் 10 வரை மட்டுமே. அதன்பின் அட்டையைப் பார்த்து முகவரியை இட்டவருக்குக் கிடைத்தது, அப்படி ஒரு பக்கம் இல்லை என்ற செய்தி.